எலும்பு வளரும் வரை மட்டும்

குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவருக்குச் சில வாரம் கழித்துத் தலைவலி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம். "வயசானா இப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருக்கும். முதியோர் பெருகிவரும் சிங்கப்பூரில் மூளை அறுவை மருத்துவர்களுக்கு இது பழகிப்போன நோய். மண்டை ஓட்டில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துளை போட்டு ரத்தத்தை வடித்துவிடுவார்கள். சரி, அந்தத் துளை? வயது வந்தவர்களுக்கு அது தானாக முழுசாக மூடாது. மேல்தோல் உள்வாங்கிக் குழி விழும்.

டைட்டானியத் தகடு வைத்து அடைக்கலாம். அது ஆயுளுக்கும் அங்கேயே கிடக்கும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்த ஆஸ்டியோபோர் நிறுவனம் வேறு வழி பிடித்தது. 2006இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏவின் அனுமதியும் அதற்குக் கிடைத்தது. மூலப்பொருள் பாலிகேப்ரோலேக்டோன் என்ற பாலிமர், அதாவது சங்கிலிபோல நீண்ட மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக். 60 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உருக்கி மெல்லிய இழையாக்கி, அடுக்குக்கு அடுக்கு கோணம் மாற்றி முப்பரிமாண அச்சில் படியவைத்தால், தேன்கூடு போன்ற சிறு அடைப்பான் கிடைக்கும்.

வேலையில் பாதியைச் செய்வது இழைகளுக்கு நடுவேயுள்ள வெற்றிடம்தான். அடைப்பானின் சிறு துளைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருப்பதால், வைத்ததுமே ரத்தம் ஊறி உள்ளே இறங்கும். அப்புறம் எலும்பு செல்கள் இழைகளைப் பிடித்து ஏறும். பின்னாலேயே ரத்தக்குழாய்களும் வரும். வழி அடைபட்டிருந்தால் நடுவிலுள்ள செல்கள் ஆக்ஸிஜன் இல்லாமல் செத்துவிடும்.

இழை கரையும் விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. பாலிமர்ச் சங்கிலியின் கண்ணிகளை இணைப்பவை எஸ்டர் பிணைப்புகள். உடலின் நீர் அவற்றை ஒவ்வொன்றாக அறுக்கும். சங்கிலி குட்டையாகிக்கொண்டே போனாலும் எடை நெடுநாள் குறையாது, வடிவமும் கலையாது. துண்டுகள் போதுமான அளவு சிறிதான பிறகுதான் வெளியேறும். கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும். முழுதும் மறைய இரண்டு ஆண்டுபோல ஆகும். தையல் நூலாகப் பயன்படும் பாலிகிளைக்காலிக் அமிலம் சில மாதங்களிலேயே கரைந்துவிடும். எலும்பு வளர அந்த அவகாசம் போதாது.

பாலிகேப்ரோலேக்டோனிடம் ஒரு குறை உண்டு: தண்ணீர் ஒட்டாது, செல்களுக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. அங்கேதான் பீங்கான் வருகிறது. ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற பீங்கான் பொடியை ஐந்தில் ஒரு பங்கு கலப்பதுண்டு. எலும்பின் கனிமமும் கால்சியம் பாஸ்பேட் வகைதான் என்பதால் புது எலும்பு அதன்மேல் எளிதாகப் படியும். பீங்கான் மட்டும் என்றால் நொறுங்கும். பாலிமர் வளைந்து கொடுக்கும்.

இடுப்பு மூட்டு மாற்றில் கணக்கே தலைகீழ். அங்கே பீங்கான் உருண்டை பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுழலும். கரையவும் கூடாது, தேயவும் கூடாது. தேய்ந்து உதிரும் துகள்களை நோயெதிர்ப்புச் செல்கள் விழுங்கிக் கிளர்ச்சியடைந்தால், சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்பட்டு மூட்டு ஆட்டம் காணும். அதனால்தான் அந்தப் பாலிஎத்திலீனின் சங்கிலிகளைக் கதிர்வீச்சு கொடுத்து ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறார்கள்.