ஏழாவது படி விவசாயியுடையது

அமெரிக்க மாநிலமான அயோவாவில் சில ஆண்டுகள் பயிர் ஆலோசகராகப் பணியாற்றியவர்கள், அமெரிக்க வேளாண்மைத் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை வழங்கும் ‘தொழில்நுட்பச் சேவை வழங்குநர்’ சான்றிதழைப் பெற விரும்புவது வழக்கம். என்னிடம் வழி கேட்பவர்கள் பெரும்பாலும் இணையக் கணக்கு, படிவம், பயிற்சி வகுப்பு ஆகியவற்றைப் பற்றியே கேட்கிறார்கள். அவற்றைப் பொறுமையுடன் செய்தால் முடித்துவிடலாம். பலருடைய விண்ணப்பம் தடைப்படுவது, பண்ணையின் மண்ணையும் நீரையும் காக்கும் திட்டத்தை வகுக்கும் முறையைச் சரியாக உணராததால்தான் என்பதால், இங்கே அதையே விரிவாக எழுதுகிறேன்.

பெரும்புழுதிப் புயல்கள் சமவெளி மாநிலங்களின் மண்ணை வாரிக்கொண்டு போன 1935இல், மண் அறிவியலாளர் ஹியூ பென்னட்டின் தலைமையில் மண் பாதுகாப்புச் சேவை என்ற பெயரில் இந்த அமைப்பு தொடங்கியது. நீண்ட காலம் அதன் ஊழியர்களே பண்ணைகளுக்குச் சென்று திட்டம் வகுத்துக் கொடுத்தனர். 2002ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம், தகுதி பெற்ற வெளியாட்களும் அந்தப் பணியைச் செய்ய வழி திறந்தது. ‘ஈக்விப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும், அரசு உதவித்தொகை வழங்கும் சுற்றுச்சூழல் தர ஊக்குவிப்புத் திட்டத்தில் ஒப்பந்தம் பெறும் விவசாயி, சான்று பெற்றவர்களின் பொதுப் பட்டியலிலிருந்து ஒருவரைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். அப்படி வகுத்த பண்ணைத் திட்டம் தரத்துக்கு ஏற்ப இருந்தால் அரசு விவசாயிக்குப் பணம் தருகிறது. ஆலோசகரின் கட்டணம் விவசாயியின் கையிலிருந்து வருகிறது. ஆகவே நாம் அரசின் தரநிலைக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தாலும், வேலை செய்வது விவசாயிக்காகத்தான்.

விண்ணப்பிப்பவர் எந்த மாநிலத்தில், எந்தப் பிரிவில் பணி செய்யப் போகிறார் என்பதைக் குறிப்பிட்டு, அதற்கான கல்வியையும் அனுபவத்தையும் சான்றுகளுடன் நிறுவ வேண்டும். எருவும் உரமும் சார்ந்த ஊட்டச்சத்து மேலாண்மை, மேய்ச்சல், காடு, இயற்கை வேளாண்மைக்கு மாறுதல் எனப் பிரிவுகள் பல உள்ளன. ஆர்வத்தில் ஐந்தாறு பிரிவுகளைக் குறித்துவிடுபவர்களை நான் தடுக்கிறேன். ஒவ்வொன்றின் தரநிலை ஆவணங்களையும் வரிவரியாகப் படித்து, அதன்படி கையொப்பமிடும் பொறுப்பு நம்முடையது. முதலில் ஒரு பிரிவு போதும். எருத்தேக்கத் தொட்டி போன்ற கட்டுமானங்களின் வடிவமைப்புக்கு உரிமம் பெற்ற பொறியாளர் தேவைப்படும் என்பதையும் மறக்கக்கூடாது.

திட்டமிடலுக்கு ஒன்பது படிகள் வகுக்கப்பட்டுள்ளன. சிக்கலைக் கண்டறிதல், விவசாயியின் நோக்கத்தை அறிதல், வளங்களைக் கணக்கெடுத்தல், ஆய்வு செய்தல், மாற்று வழிகளை உருவாக்குதல், அவற்றை மதிப்பிடுதல் ஆகிய ஆறுக்குப் பிறகு வருவது முடிவெடுத்தல். அந்த ஏழாவது படி விவசாயிக்கு உரியது. சான்றிதழுக்காக நான் முதன்முதலில் அனுப்பிய மாதிரித் திட்டம் திரும்பி வந்ததற்கு அதுவே காரணம். பன்றிப் பண்ணை ஒன்றின் எருவை மக்காச்சோளம், சோயா நிலங்களில் இடுவதற்கான அந்தத் திட்டத்தில், மண் பரிசோதனையும் பாஸ்பரஸ் கணக்கும் சரியாக இருந்தன. ஆனால் எனக்குச் சிறந்ததாகத் தோன்றிய ஒரே வழியை மட்டும் எழுதி, விவசாயியின் நோக்கம் என்ற இடத்தில் என் நோக்கத்தையே நிரப்பியிருந்தேன். மீண்டும் அவருடைய சமையலறை மேசையில் அமர்ந்து கேட்டபோதுதான், சரிவான இரண்டு வயல்கள் குத்தகை நிலம் என்பதும், உரிமையாளரின் சம்மதமின்றி அங்கே நிலையான அமைப்பு எதையும் செய்ய இயலாது என்பதும் தெரியவந்தன. அயோவாவின் விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் இருக்கும்போது, இதை முதல் சந்திப்பிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். அந்த வயல்களுக்கு, மண்ணைப் போர்த்திக் காக்கும் மூடுபயிரையும் உழாமல் விதைப்பதையும் மாற்று வழிகளாகச் சேர்த்த பின்பே திட்டம் அவருடையதாயிற்று.

கணக்கெடுப்பையும் மேசையிலிருந்தே முடித்துவிடக்கூடாது. பல ஆழமான மண் வகைகளுக்கு, ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 டன் மண் இழப்பு தாங்கக்கூடிய அளவாக வைக்கப்பட்டுள்ளது. பரப்பி வைத்தால் அது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட வராது, அதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. மழைநீர் தாள்போல வழிந்து அரிக்கும் இடத்தைக் கணக்கீட்டு மென்பொருள் மதிப்பிடும். நீர் ஒன்றுகூடிப் பள்ளம் பறிக்கும் இடத்தை நடந்து பார்த்தே குறிக்க வேண்டும்.

விவசாயிகளுக்கும் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கினால், முன்கூட்டியே விலக்கு பெற்றிருந்தாலன்றி, அந்த வேலைக்கு உதவித்தொகை கிடைக்காது; ஆலோசகர் இதைச் சொல்லத் தவறியதால் இழப்புக்கு ஆளானவர்களை நான் அறிவேன். அடுத்தது, உங்கள் ஆலோசகரின் சான்றிதழ் உங்கள் மாநிலத்துக்கும் அந்தப் பிரிவுக்கும் செல்லுபடியாகிறதா என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். உரமோ கருவியோ விற்பவரே திட்டத்தையும் எழுதித் தருவதாகச் சொன்னால், அதைத் தயங்கியே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பண்ணையின் விவரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; 2008ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம், இத்திட்டங்களுக்காகத் தரப்படும் தகவல்களை வெளியிடுவதற்குத் தடை விதித்துள்ளது.

ஒன்பதாவது படியான மறுமதிப்பீட்டுக்கு நான் முதல் கனமழை முடிந்த மறுநாளே செல்கிறேன். புல் வளர்த்த நீர்வழியின் ஓரத்தில் தண்ணீர் தனக்கென்று வேறொரு தடம் வெட்டியிருந்தால் அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரியும். அடுத்த உழவில் அந்தத் தடம் மூடப்பட்டுவிடும்.