நீலத் தொட்டியைக் கவிழ்த்த காலை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, சிங்கப்பூரின் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தார்ப்பாய் ஒன்றை விரித்து, மறுபயனீட்டுப் பொருள்களுக்கான நீலத் தொட்டியை அதன்மேல் கவிழ்த்தோம். கழிவு சேகரிக்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். ஆறு தொண்டூழியர்கள், நகர மன்ற அலுவலர் ஒருவர், நான். கையுறை மாட்டிக்கொண்டு குனிந்ததும் முதலில் வந்தது வாடை. பாதி குடித்த பபிள் டீ கோப்பை ஒன்று உள்ளே சாய்ந்து, அதிலிருந்த பாலும் சர்க்கரைப் பாகும் ஒரு வாரச் செய்தித்தாள் கட்டை முழுவதுமாக நனைத்திருந்தன. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்தன. கீழே ஒரு தலையணை, ஒற்றைக் காலணி, பிரியாணி கட்டி வந்த பழுப்புத் தாள், அடியில் அரை அங்குலம் எண்ணெய் தங்கிய நல்லெண்ணெய்ப் போத்தல். யாரோ ஒருவர் பால் டின்களை அலசி, அவற்றின் தாளைக்கூட உரித்து, கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார். அந்தக் கட்டின்மீதும் பால் வழிந்திருந்தது.

டின்னைக் கழுவிவிடலாம். நனைந்த தாளை ஒன்றும் செய்ய முடியாது. அத்தனை அக்கறையோடு அடுக்கிய ஒரு வீட்டின் உழைப்பைப் பக்கத்து வீட்டின் ஒரு கோப்பை வீணாக்கிவிடுகிறது. நீலத் தொட்டிகளில் விழுபவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிவருகிறது. அந்த எண்ணைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அது எனக்கு உறைத்தது அந்தத் தார்ப்பாயின் முன்னால்தான்.

நான் கட்டட எரிசக்திப் பொறியாளர். எட்டு ஆண்டுகளாக எங்கள் நகரின் பசுமைக் குழுவில் ஆலோசகராக இருக்கிறேன். நகர மன்ற அலுவலர்கள், வசிப்போர் குழுக்களிலிருந்து சிலர், பள்ளி ஆசிரியர் ஒருவர், காப்பிக்கடைக்காரர் ஒருவர் என்று பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை இரவு எட்டு மணிக்குக் கூடுவோம். 'திட்டமெல்லாம் மேலிருந்து வருகிறது, நாம் என்ன செய்யப்போகிறோம்' என்று தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேலிருந்து வருவது இலக்கு. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம் 2030, ஆளுக்கு ஒரு நாளில் குப்பை நிரப்புமிடத்துக்குப் போகும் கழிவை 2030க்குள் 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தன் நகரங்களின் எரிசக்திப் பயன்பாட்டை, 2020ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் 15 விழுக்காடு குறைக்க முனைகிறது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாம் எரித்த குப்பையின் சாம்பல் போய்ச் சேரும் செமாக்காவ் நிரப்புமிடம் 1999இல் திறக்கப்பட்டது, 2035 வாக்கில் நிரம்பிவிடும். ஆனால் உங்கள் புளோக்கில், உங்கள் மின்தூக்கிக்குப் பக்கத்தில் என்ன மாற வேண்டும் என்பதை எந்த அமைச்சும் எழுதித் தருவதில்லை. அதை எழுதுவது எங்களைப் போன்ற குழுக்கள். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களுடைய பழக்கவழக்கங்களுக்கு ஏற்பத்தான் திட்டமும் அமைகிறது.

தொட்டியைக் கவிழ்ப்பதற்கு முன்பு குழுவின் முன்னால் இருந்த யோசனை வேறு: இன்னும் இருபது தொட்டிகள் வைக்கலாம், மாணவர்களைக் கொண்டு ஓவியம் தீட்டலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் தொட்டி போதவில்லை என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. தார்ப்பாயின் அருகே நின்றிருந்த துப்புரவு ஊழியரிடம் கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், அந்த நான்கு புளோக்குகளில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறவர். "தொட்டி நிரம்பி நான் பார்த்ததே இல்லை, அண்ணே. சாயங்காலம் பள்ளி விட்டதும் பிள்ளைகள் கோப்பையோடு வருவார்கள். பக்கத்தில் வேறு குப்பைத் தொட்டி இல்லை. இதில் போட்டுவிட்டு மின்தூக்கியில் ஏறிவிடுவார்கள்" என்றார். எங்கள் ஆறு மாதக் கூட்டங்களில் வராத தகவல் அவருடைய நான்கு வாக்கியங்களில் இருந்தது. அவரை அதுவரை ஒரு கூட்டத்துக்கும் நாங்கள் அழைத்ததில்லை. இது எங்கள் குழுவின் தவறு, என் தவறும்தான்.

வீட்டுக் கழிவில் மறுபயனீட்டுக்குப் போனது 2023இல் வெறும் 12 விழுக்காடு. மக்களுக்கு அக்கறை இல்லை என்று இதைப் படித்ததும் சொல்லிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. பழைய புளோக்குகளில் குப்பையைக் கீழே தள்ளும் குழாயின் மூடி சமையலறைக்குள்ளேயே இருக்கிறது, கையை நீட்டினால் போதும். நீலத் தொட்டிக்கு மின்தூக்கிக்காகக் காத்திருந்து, பத்து மாடி இறங்கி, நடந்து போக வேண்டும். முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டி எதைச் செய்வார்? 2010இல் கட்டி முடிக்கப்பட்ட பொங்கோலின் டிரீலாட்ஜ் குடியிருப்பில் மறுபயனீட்டுப் பொருள்களுக்குத் தனிக் குழாய் வைத்தார்கள். 2014 முதல் புதிய வீவக குடியிருப்புகளில் அது வழக்கமாகிவிட்டது. பழைய பேட்டையில் சுவரைக் குடைந்து அப்படிக் குழாய் இறக்குவது எளிதல்ல. ஆகவே தொட்டி எங்கே நிற்கிறது, மின்தூக்கியிலிருந்து எத்தனை அடி, அதன் பக்கத்தில் சாதாரணக் குப்பைத் தொட்டி உண்டா என்ற அற்பமாகத் தெரியும் கேள்விகள்தான் பழைய பேட்டையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

அடுத்தது பணம். நகர மன்றத்துக்கு வருவது நீங்கள் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணமும் அரசாங்க மானியமும். அதில் ஒரு பகுதியை மின்தூக்கி மாற்றுதல், கூரை, வண்ணப்பூச்சு போன்ற பெரிய வேலைகளுக்கென்று சட்டப்படி ஒதுக்கி வைத்தாக வேண்டும். மிச்சத்தில் கைவைக்க இடம் குறைவு. எனவே அனுபவமுள்ள குழு முதலில் கேட்டு வாங்குவது பராமரிப்பு அட்டவணையைத்தான். புளோக்குக்கு வண்ணம் பூசும் ஆண்டு எது என்று தெரிந்தால், வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சைப் பற்றி அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பேசலாம். சாரம் எப்படியும் கட்டத்தான் போகிறார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வாய் திறந்தால் அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். சொந்த முயற்சிகளுக்கு 2020இல் 5 கோடி வெள்ளியில் தொடங்கப்பட்ட எஸ்ஜி ஈக்கோ நிதியும் இருக்கிறது. வசிப்போரே விண்ணப்பிக்கலாம். கூரையில் சூரியத் தகடு பதிப்பதைப் பற்றிக் குழு அதிகம் பேச வேண்டியதில்லை. 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் அதை வீவக பெரும் தொகுப்பாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்கிறது.

தாழ்வார விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், என் தொழில் அது. பழைய குழல் விளக்கு ஒன்று, அதன் துணைக்கருவியோடு சேர்த்து 40 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் 18 வாட் எல்இடி போதும். மிச்சம் 22 வாட். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை எரிந்தால் ஆண்டுக்கு 4,380 மணி நேரம், ஒரு விளக்குக்கு 96 யூனிட். ஒரு புளோக்கில் 150 விளக்கு இருந்தால் 14,000 யூனிட்டுக்கு மேல். சிங்கப்பூர் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால் ஒவ்வொரு யூனிட்டும் ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயுவைக் குறிக்கிறது. ஆக ஒரு புளோக்கின் தாழ்வாரத்திலேயே ஆண்டுக்கு ஐந்தரை டன்னுக்கு மேல் குறையும். இதைத் திறந்து வைக்க யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள், படமெடுக்கவும் எதுவும் இல்லை. ஆனாலும் என்னைக் கேட்டால், இன்னும் மாற்றாத புளோக் எது என்று தேடி, அதைத்தான் பட்டியலின் மேலே வைக்கச் சொல்வேன்.

படமெடுக்கும் வேலைகள் எப்படி முடிகின்றன என்பதையும் பார்த்திருக்கிறேன். வேறொரு பேட்டையில், உணவுக் கழிவை உரமாக்கும் பெட்டிகளைச் சமூகத் தோட்டத்தின் ஓரத்தில் வைத்தார்கள். தொடக்க விழாவுக்கு நல்ல கூட்டம். மக்கள் மீன் முள்ளையும் குழம்பையும் கொண்டுவந்து கொட்டினார்கள். காய்ந்த இலையைக் கலக்க வேண்டும், வாரம் இருமுறை கிளற வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்த தொண்டூழியர் ஒருவர்தான். அவர் மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் போனார். ஈ மொய்த்தது, இரண்டாம் மாடியிலிருந்து புகார் வந்தது, பெட்டிகள் அகற்றப்பட்டன. அதற்குப் பிறகு அந்தப் பேட்டையில் உரம் என்ற சொல்லையே எடுக்க முடியவில்லை. அது வெறும் பணவிரயம் என்றால்கூட நான் இவ்வளவு வருந்தமாட்டேன். மக்களின் நம்பிக்கையும் சேர்ந்து போய்விட்டது. அன்றிலிருந்து எந்த யோசனை வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: மூன்றாம் ஆண்டில், மழைபெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமையில், இதை யார் செய்வார்? ஒரு ஆளின் பெயரும், அவர் இல்லாத நாளுக்கு இன்னொரு ஆளின் பெயரும் கிடைக்காவிட்டால் நான் கை தூக்க மாட்டேன்.

நம்மவர்கள் இந்த மேசையில் இல்லாததால் என்ன ஆகிறது என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பழைய சாமான்களையும் துணிமணிகளையும் கூடுதலாகச் சேகரிக்கும் வாரங்களுக்கு ஓர் ஆண்டு அட்டவணை போட்டோம். சீனப் புத்தாண்டுக்கு முன் ஒன்று, ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் ஒன்று. தீபாவளிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் நம் வீடுகளில் பழையன கழிப்பதைப் பற்றி அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. தெரியாதது அவர்கள் குற்றமில்லை, யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதும் ஐந்தே நிமிடத்தில் இரண்டு வாரங்கள் சேர்ந்தன. முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும், எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று காப்பிக்கடைக்காரரிடம் கேட்டதும் அப்போதுதான். தன் கடை எண்ணெயை எடுக்கும் ஆளே வீட்டு எண்ணெயையும் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பேசிப் பார்க்கிறேன் என்றார், பேசியும் காட்டினார்.

கறிவேப்பிலையும் அப்படித்தான். தமிழ் வீடு இருக்கும் தாழ்வாரத்தில் அது நிற்கும். தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. பூந்தொட்டியின் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். நகர மன்றம் எடுக்கச் சொல்லிக் கடிதம் ஒட்டும், அம்மாக்கள் வருத்தப்படுவார்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005 முதல் நடத்திவரும் திட்டத்தில் வசிப்போர் குழு வழியாகத் தோட்டத்துக்கு நிலம் கேட்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. எங்கள் பேட்டைத் தோட்டத்தில் இப்போது கறிவேப்பிலை, முருங்கை, பண்டான் இலை மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலை வைத்திருப்பவர் மலாய்ப் பாட்டி ஒருவர்.

பேட்டை மேம்பாட்டுக்கென 2007 முதல் நடக்கும் திட்டத்தில் 75 விழுக்காட்டு வீடுகள் ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். அங்கே உங்கள் கருத்தை வீடுதேடி வந்து கேட்பார்கள். தொட்டி, தோட்டம், விளக்கு போன்ற சிறு முயற்சிகளுக்கு வாக்கெடுப்பு கிடையாது. வந்தவர்கள் பேசுவார்கள், அது குறிப்பில் ஏறும். சமூக மன்ற முகப்பில் கேட்டால் உங்கள் வசிப்போர் குழு எப்போது கூடுகிறது என்று சொல்வார்கள். ஆங்கிலம் வராது என்று தயங்காதீர்கள். தமிழில் பேசுங்கள், பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்ப்பார். என்னைப் போன்ற ஒருவர் பெரும்பாலும் இருப்பார். வரும்போது ஒரு தகவல் கொண்டுவந்தால் இன்னும் நல்லது: எந்த விளக்கு பகலிலும் எரிகிறது, எந்தத் தொட்டி எந்தக் கிழமையில் வழிகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது.

தொட்டியின் கதைக்கு வருகிறேன். இருபது தொட்டித் திட்டத்தைக் கைவிட்டோம். இருந்த தொட்டிகளில் நான்கின் பக்கத்தில் மட்டும் சாதாரணக் குப்பைத் தொட்டி ஒன்றும், மிச்சப் பானத்தை ஊற்ற மூடியுள்ள வாளி ஒன்றும் வைத்தோம். மூடி வேண்டும், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், காலையில் ஒருமுறைதான் கொட்ட முடியும் என்பவை துப்புரவு ஊழியர் சொன்ன நிபந்தனைகள். அவற்றைத் திட்டத்தில் முதல் வரியாக எழுதினோம், அவருடைய மேற்பார்வையாளரிடமும் கையெழுத்து வாங்கினோம். பானப் போத்தலுக்கும் டின்னுக்கும் 10 காசு வைப்புத்தொகை வசூலித்துத் திருப்பித் தரும் திட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று அறிவிக்கப்பட்டபோது, காசுக்காகத் தொட்டியைக் கிளறும் முதியவர்களை எப்படி நடத்துவது என்ற பேச்சும் எழுந்தது. அவர்கள் கையைவிட்டுத் துழாவ வேண்டாதபடி, போத்தல்களுக்குத் திறந்த கூடை ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிடலாம் என்று ஆசிரியர் சொன்னார். அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று மாதம் கழித்து அதே தார்ப்பாயில் அதே தொட்டியைக் கவிழ்த்தோம். செய்தித்தாள்கள் காய்ந்திருந்தன. பால் டின் கட்டு அதே கயிற்றோடு, ஒரு சொட்டு படாமல் கிடந்தது. தலையணை மட்டும் இந்த முறை இரண்டு. அடுத்த கூட்டத்தின் முதல் பேச்சு அதுதான்.