ஸ்பாஞ்சுக்குள் வளையும் தூண்கள்

"கண்ணாடி உடைந்த டீப்பாயின் சட்டத்தில் பிளைவுட் போட்டு, மேலே ஸ்பாஞ்ச் வைத்து, துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடித்துப் பெஞ்ச் ஆக்கிவிட்டேன். கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது, உட்கார்ந்தால் பலகை குத்துகிறது, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மரவேலையையும் துணி இழுப்பதையும் வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாம். டீப்பாய்க் கால்கள் ஆள் உட்காருவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, அதனால் மூட்டுகளை மட்டும் முதலில் இறுக்கிவிடுங்கள். எனக்குப் பேச ஆசை அந்த ஸ்பாஞ்சைப் பற்றித்தான்.

அது பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் வேதியியலாளர் ஓட்டோ பேயரின் குழு உருவாக்கிய பாலிமர் (நீளமான சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) குடும்பம். ஐசோசயனேட், பாலியால் என்ற இரண்டு திரவங்களோடு கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, கலவை குமிழ் குமிழாகப் பொங்கும். இறுகும் நேரத்தில் குமிழ்களின் மெல்லிய சுவர்கள் கிழிந்துபோய் விளிம்புகள் மட்டும் மிஞ்சுகின்றன. திடமான பாலியூரித்தேன் கனமீட்டருக்குச் சுமார் 1200 கிலோ இருக்கும். உட்காரப் பயன்படும் ஸ்பாஞ்ச் 30 கிலோ அளவில்தான் இருக்கும். அதாவது நீங்கள் வாங்கியதில் 97 சதவீதத்துக்கு மேல் காற்று, மீதி அந்த விளிம்புகள், அதாவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டித் தூண்கள்.

காற்றுதான் நம்மைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சுவர் கிழிந்த குமிழ் அறைகள் எல்லாம் ஒன்றோடொன்று திறந்தே இருப்பதால் அழுத்தியதும் காற்று வெளியே போய்விடுகிறது. தாங்குவது தூண்கள்தான், அதுவும் வளைந்துகொண்டே தாங்குகின்றன!

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அழுத்திப் பாருங்கள். முதலில் விறைப்பாக எதிர்க்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் வளையும், அப்புறம் இன்னும் எவ்வளவு வளைத்தாலும் கூடுதல் பலம் அதிகம் தேவைப்படாது. 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது. ஸ்பாஞ்சுக்குள் இதேதான் ஏகப்பட்ட தூண்களில் நடக்கிறது, அதனால் கொஞ்சம் அமுங்கிய இடமும் பாதிக்குப் பாதி அமுங்கிய இடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு அழுத்தத்தைத்தான் திருப்பித் தருகின்றன. உட்காரும்போது இடுப்பெலும்பின் இரண்டு முனைகள் ஆழமாக இறங்கும், தொடை மேலாகவே நிற்கும். சாதாரண ஸ்பிரிங்காக இருந்தால் ஆழமாக இறங்கிய இடம் அதற்கேற்ப அதிகமாகத் திருப்பி அழுத்தும், வலிக்கும். ஸ்பாஞ்ச் அப்படிச் செய்யாமல் எடையைப் பரப்பிவிடுகிறது. நாம் சுகம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த வளைவைத்தான். (குஷனுக்குள் காந்தம் வைத்து, ரத்த ஓட்டம் கூடும் என்று விற்கிறார்களே, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ரத்தத்திலுள்ள இரும்பு ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்டு கிடக்கிறது, ஆணி மாதிரி காந்தத்தில் ஒட்டாது.)

ஆனால் வளைவதற்கும் எல்லை உண்டு. முழுக்க மடிந்த தூண்கள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்ததும் ஸ்பாஞ்ச் கிட்டத்தட்ட திடப்பொருளாகிவிடும், கெட்டித்தன்மை செங்குத்தாக ஏறும். வாசகருக்கு நடந்தது இதுதான். உள்ளங்கை தரும் அழுத்தத்தில் தூண்கள் பாதிதான் மடிந்தன, உடல் எடையில் மொத்தமும் மடிந்து பலகையோடு ஒட்டிவிட்டன.

எல்லை எங்கே வரும் என்பதில் அடர்த்திக்குப் பெரிய பங்கு. இந்த ஸ்பாஞ்ச் போன்ற திறந்த அறை நுரைகளின் விறைப்பு அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பொருளறிவியல் ஆய்வாளர்கள் கிப்சனும் ஆஷ்பியும் காட்டினார்கள். அதே பாலிமரில் அடர்த்தியைப் பாதியாக்கினால் விறைப்பு கால்வாசியாகிவிடும். டிவி பெட்டிக்குள் வரும் லேசான பேக்கிங் ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டால் சரிப்படாததற்குக் காரணம் இதுதான். ரசாயனக் கலவையை மாற்றியும் விறைப்பைக் கூட்டலாம் என்பதால், கடையில் "கெட்டி" என்று சொல்வதை மட்டும் நம்பாமல் அடர்த்தியையும் கேளுங்கள். கெட்டியாக இருந்தும் அடர்த்தி குறைந்த ஸ்பாஞ்ச் சீக்கிரம் குழி விழும்.

இப்போதுள்ள ஸ்பாஞ்சை வீணாக்க வேண்டாம். அடியில் விறைப்பான அடுக்கு ஒன்றை ஒட்டி, இதை மேலடுக்காக வைத்துக்கொள்ளலாம். மேலே ரெக்சின் போடுவதாக இருந்தால் பிளைவுட்டில் நாலைந்து துளை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் தையல் ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று சத்தம் வரும்.