பொரிச்ச சிக்கன் ஏன் பத்து நிமிஷத்துல நமுத்துப் போகுது?

வாணலியிலேர்ந்து எடுக்கறப்ப கலகலன்னு சத்தம் போடுற சிக்கன், எல்லாரும் வந்து இலை முன்னாடி உக்கார்றதுக்குள்ள தொவண்டு போயிடுது. உடனே மாவு சரியில்ல, இன்னும் ரெண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் போட்டிருக்கணும்னு பேச்சு வரும். மாவுக்கும் பங்கு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா முக்கால்வாசி விஷயம் தண்ணிலதான் இருக்கு. கறிக்குள்ள தண்ணி நிக்கணும், மேல இருக்கற மாவுலேர்ந்து தண்ணி போயிடணும், ரெண்டும் ஒரே எண்ணெயில ஒரே நேரத்துல நடக்கணும், சிக்கலே அங்கதான்.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ்ல காஞ்சிருக்குன்னு வச்சுக்குங்க. துண்ட போட்டதும் சொர்ருன்னு கொதிக்குது பாருங்க, கொதிக்கிறது எண்ணெய் இல்ல, மாவுல இருக்கற தண்ணி ஆவியாகி வெளில வருது. 1 கிராம் தண்ணிய 30 டிகிரிலேர்ந்து 100க்கு கொண்டு வர 70 கலோரி போதும், ஆனா 100 டிகிரில நிக்கிற அதே தண்ணி ஆவியா மாற இன்னும் 540 கலோரி வேணும், அவ்வளவையும் எண்ணெய்தான் குடுக்கணும். ஒரு கிலோ கறியையும் ஒரே ஈடா கொட்டுனா எண்ணெய் சூடு மளமளன்னு எறங்கறது இதனாலதான். அப்புறம் அது பொரியறது இல்ல, எண்ணெயில வேகறது.

ஆவி வெளில தள்ளிட்டு வர்ற வரைக்கும் எண்ணெய் உள்ள பெருசா போக முடியாது. எண்ணெய் குடிக்கிறது பெரும்பாலும் வெளில எடுத்த அப்புறம்தான், துண்டு ஆற ஆற உள்ள இருக்கற ஆவி திரும்ப தண்ணியா சுருங்குது, அந்த எடத்துக்கு மேல ஒட்டியிருக்கற எண்ணெய் இழுபட்டு போகுது. அதனால சூடா இருக்கறப்பவே ஜல்லிக் கரண்டிய வாணலி ஓரத்துல நாலு தட்டு தட்டி உதறிடுங்க.

மேல்மாவுல தண்ணி தங்கியிருக்கற வரைக்கும் அந்த எடத்து சூடு 100 டிகிரிய தாண்டாது. தண்ணி போன பெறகுதான் ஏறும், 140 பக்கம் வந்தா புரதமும் சர்க்கரையும் சேந்து செவக்க ஆரம்பிக்கும், மணமும் அங்கதான் பொறக்குது. 1912ல பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மயார் இத பத்தி எழுதுனதால மயார் வினைன்னு பேரு.

மைதாவுல க்ளூட்டன்ங்கற புரதம் இருக்கு, தண்ணி பட்டதும் வலையா பின்னிக்கிட்டு தண்ணிய விடாது, ஆறினா ஜவ்வுன்னு ஆகும். அரிசி மாவுல அது கெடையாது, எண்ணெயும் கம்மியாதான் குடிக்கும். நம்ம டெல்டாவுல இதுக்கு அலையவே வேணாம், பொன்மணின்னு சொல்ற சி.ஆர். 1009 மாதிரி மோட்டா ரகத்த மில்லுல குடுத்து நைசா அரச்சு வச்சுக்கிட்டா போதும். சாதம் ஒட்டாம உதிரியா வர்ற அரிசில அமைலோஸ்ங்கற ஸ்டார்ச் அதிகம், அது அதிகமா இருந்தா பொரிஞ்ச ஓடு விறைப்பா நிக்கும். ஆனா வெறும் அரிசி மாவுன்னா பல்லுக்கு கடுக்குன்னு இருக்கும், கறிலயும் சரியா ஒட்டாது. ரெண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு, இது என்னோட கணக்கு.

சரி, அப்புறமும் ஏன் நமுத்துப் போகுது? நல்லா பொரிஞ்ச ஓட்டுல தண்ணி கொஞ்சூண்டுதான் இருக்கும், அப்ப அந்த ஸ்டார்ச் கண்ணாடி நிலைல இருக்குன்னு சொல்லுவாங்க, வளையாது, ஒடையும், அந்த ஒடையிற சத்தம்தான் மொறுமொறு. தண்ணி ஏறினா அதே ஸ்டார்ச் வளைய ஆரம்பிச்சிடும். ஐப்பசி மழைல தெறந்து கெடந்த தீபாவளி முறுக்குக்கு நடக்கறதும் இதேதான். முறுக்குக்காச்சும் ஈரம் காத்துலேர்ந்து மட்டும் வருது, சிக்கனுக்கு உள்ளேர்ந்தும் வருது, கறில இருக்கற ஈரம் ஓட்டுப் பக்கம் நகந்துகிட்டே இருக்கும். அத ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடுனா முடிஞ்சது கதை, ஆவி மூடில பட்டு சொட்டு சொட்டா மேலயே விழும். டிஷ்யூ பேப்பர்ல பரப்புனா அடிப்பக்கம் ஊறும். கம்பித் தட்டுல தள்ளித் தள்ளி வைங்க, மூடாதீங்க.

கொரியாக்காரங்க ரெண்டு தடவ பொரிக்கிறதும் இதுக்காகத்தான். மொதல்ல 160 டிகிரில கறி வேகற வரைக்கும், எலும்பு ஓரம் 74 டிகிரி வரணும். எடுத்து ஒரு அஞ்சு பத்து நிமிஷம் வச்சா உள்ள இருக்கற ஈரம் ஓட்டுக்கு வந்துடும், அப்ப 185, 190ல ஒரு ரெண்டு நிமிஷம் போட்டு அதையும் வெரட்டிடணும். விருந்தாளி வர்ற நாள்ல மொத பொரியல காலைலயே முடிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாம்.

உள்ள தண்ணி நிக்கிறதுக்கு வேண்டியது உப்பு. சூட்டுல தசைப் புரதம் சுருங்கி தண்ணிய பிழிஞ்சு விடும், முன்னாடியே உப்பு ஏறியிருந்தா சுருக்கம் கம்மி, அதனால பொரிக்கறப்ப உப்பு தூவறதுல புண்ணியமில்ல, முதல் நாள் ராத்திரியே தடவி வச்சிடுங்க. நாட்டுக்கோழிய இதுக்கு எடுக்காதீங்க, அதோட கொலாஜன், அதாவது தசைய கட்டி வச்சிருக்கற கெட்டியான புரதம், கரைய ரொம்ப நேரம் வேகணும், அது குழம்புக்குத்தான். இன்னொண்ணு, கே.எஃப்.சி. ஆரம்பிச்ச கர்னல் சாண்டர்ஸ் 1939ல பிரஷர்ல பொரிச்சாருன்னு படிச்சிட்டு வீட்டு குக்கர்ல எண்ணெய் ஊத்தி மூடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், அந்த மூடியும் கேஸ்கெட்டும் கொதிக்கிற எண்ணெய்க்கு செஞ்சதில்ல.

மிச்ச எண்ணெய்க்கும் தண்ணிதான் எமன். கறிலேர்ந்து வந்த ஆவி சூட்டுல கொழுப்ப ஒடச்சு ஃப்ரீ ஃபேட்டி ஆசிட்டா மாத்திடும், அதனால அடுத்த தடவ எண்ணெய் சீக்கிரமே புகையும். எண்ணெய் காஞ்சு காஞ்சு கெடறப்ப சேர்ற போலார் பொருள் 25 சதவீதம் தாண்டுன எண்ணெய கடைக்காரங்க பயன்படுத்தக் கூடாதுன்னு மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதியே இருக்கு. வீட்ல அளக்க முடியாது, நுரை அடங்காம நின்னாலோ எண்ணெய் கெட்டியா கருப்பானாலோ கொட்டிடுங்க. இல்லன்னா ஆறவிட்டு துணில வடிகட்டி வச்சு ரெண்டு மூணு நாளைக்குள்ள தாளிப்புக்கு தீத்துடுங்க.