வண்டி 20 நிமிடம் லேட். மைனஸ் ஏன் வலப்பக்கம் போகிறது?

செங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். புளியரையிலிருந்து வருகிறார்கள், மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து ஆரியங்காவிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள். பாடப் புத்தகம் வேறு வேறு, தப்பு மட்டும் ஒன்றேதான்.

எக்ஸ் வர்க்கத்தின் பரவளையத்தை, அதாவது கிண்ணம் போன்ற வளைவை, வரைந்துவிட்டு, எக்ஸுக்குப் பதில் 'எக்ஸ் மைனஸ் 3' போட்டால் எந்தப் பக்கம் நகரும் என்று கேட்பேன். பாதிப் பேர் இடப்பக்கம் கை காட்டுவார்கள். மீதிப் பேர், "அடைப்புக்குள்ள இருந்தா உல்டா சார், வலப்பக்கம்" என்பார்கள். விடை சரி. ஆனால் எனக்கு இவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை.

இங்கே ரயில்தான் கைகொடுக்கிறது. செங்கோட்டையில் 11.30க்குப் புறப்பட்டு பகவதிபுரம், ஆரியங்காவு என்று மலையேறும் ஒரு வண்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேரம் கிடையாக, தூரம் மேல்நோக்கி, வரைபடம் தயார். இன்று வண்டி 20 நிமிடம் லேட். 12.10க்கு எங்கே இருக்கும்? வழக்கமாக 11.50க்கு இருக்கும் இடத்தில். அதாவது இன்றைய நேரத்தில் 20ஐக் கழித்து, பழைய அட்டவணையைப் பார்க்கிறோம். அந்தக் கழித்தல்தான் அடைப்புக்குள் இருக்கும் மைனஸ். லேட்டான வண்டியின் கோடு வலப்பக்கம்தானே வரும்? இதில் உல்டா எங்கே இருக்கிறது?

மேல்கீழ் நகர்வில் யாரும் தடுமாறுவதில்லை. தூரத்தைச் செங்கோட்டையிலிருந்து அளக்காமல், அதற்கு 8 கிலோமீட்டர் பின்னாலிருக்கும் ஊரிலிருந்து அளந்தால் எல்லாத் தூரத்திலும் 8 கூடும், கோடு 8 மேலே ஏறும். சரி, அவ்வளவுதான்.

'உல்டா' என்று மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது 2எக்ஸ் மைனஸ் 6இல். அதன் வர்க்கத்தை வரையச் சொன்னால், முனையை, அதாவது வளைவின் அடிப்புள்ளியை, 6இல் வைத்துவிடுகிறார்கள். போன வருடம் நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணே இதில் மதிப்பெண்ணை விட்டுவிட்டாள். அடைப்பு எப்போது பூச்சியமாகிறது என்று பார்த்தால் போதும். எக்ஸ் 3 ஆகும்போது. முனை அங்கேதான். 2ஐ வெளியே எடுத்தால் 2(எக்ஸ் மைனஸ் 3) என்று அதுவே காட்டிக்கொடுக்கும். வர்க்கப்படுத்தும்போது அந்த 2 நான்காகி வளைவை ஒடுக்கும், முனையை நகர்த்தாது.

ஒருநாள் ஆரியங்காவுப் பையன் கேட்டான்: "மேலே போக பிளஸ், வலப்பக்கம் போக மைனஸ், ஏன் சார் ரெண்டு சட்டம்?" பலகையில் 'ஒய் சமம் (எக்ஸ் மைனஸ் 3) வர்க்கம் பிளஸ் 4' என்று எழுதி, 4ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து, 'ஒய் மைனஸ் 4 சமம் (எக்ஸ் மைனஸ் 3) வர்க்கம்' என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ரெண்டும் மைனஸ்தானா!" என்றான்.