வட்டுப்படமா, வட்டுப்படியா?

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணன் மகன் போன் செய்தான். விண்டோசுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்க ஆசை, கையில் ஒரு தமிழ் வழிகாட்டி. "சித்தப்பா, வட்டுப்படத்தைப் பென்டிரைவில் நகலெடுக்கவும்னு போட்டிருக்கு, எடுத்துட்டேன், ஆனா கம்ப்யூட்டர் அதுல கிளம்பவே மாட்டேங்குது." கிளம்பாது. அந்த வாக்கியத்தில் பெயரும் தப்பு, வினையும் தப்பு.

வட்டுப்படம் என்று அவர்கள் எழுதியிருப்பது டிஸ்க் இமேஜ் என்ற ஆங்கிலச் சொல்லை. அதில் உள்ள இமேஜ், இலத்தீன் இமாகோவிலிருந்து வந்தது. அச்சு அசலாக ஒன்றைப் போலவே இருப்பது என்ற பொருள் அதற்கு உண்டு, கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான். வட்டில் உள்ள கோப்புகள், கோப்பு முறைமை, கணினியைக் கிளப்பும் துவக்கப் பகுதி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்படி ஒரே கோப்பாக்கி வைப்பது. இப்படிப்பட்ட கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் ஐஎஸ்ஓ என்ற பின்னொட்டு, சிடிக்காக 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 தரத்தால் வந்தது.

இதைப் போய்ப் படம் என்றால் படிப்பவன் போட்டோவைத்தான் தேடுவான். சிலர் படிமம் என்கிறார்கள். படத்துக்கு இது தேவலாம், ஆனால் படிமம் என்றதும் தமிழனுக்குத் தோன்றுவது செப்புச் சிலையோ புதுக்கவிதையோதான், இரண்டிலும் மூலத்தின் ஒவ்வொரு துணுக்கும் அப்படியே வரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அப்புறம் நகல். நல்ல புழங்கு சொல், ஆனால் காப்பி செய்வதற்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டோம், இங்கேயும் அதையே போட்டால் ஐஎஸ்ஓ கோப்பை இழுத்துப் பென்டிரைவில் போட்டாலே போதும் என்றுதானே அர்த்தமாகும்? அவன் செய்தது அதைத்தான்.

நம்மிடம் படி இருக்கிறது. கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்களே, அதற்கு மைப்படி என்று பெயர். எழுத்தோடு கல்லின் விரிசலும் தாளுக்கு வந்துவிடும். லினக்சில் உள்ள டிடி என்ற கட்டளை வட்டின் காலி இடத்தைக்கூட விடாமல் எடுப்பதும் இதே வேலைதான். படிக்கு மாடிப்படி, அளக்கும் படி என்று வேறு பொருள்களும் உண்டே என்பார்கள். வட்டு முன்னால் வந்தபின் யார் மாடி ஏறப் போகிறார்கள்?

சொல் சரியானால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதும் எளிது. வட்டிலிருந்து படி எடுக்க வேண்டுமா, குளோன்சில்லா. இருக்கிற படியைப் பென்டிரைவில் எழுத வேண்டுமா, விண்டோசில் ரூஃபஸ், மேக், லினக்சிலும் வேண்டுமென்றால் பலேனா எட்சர். வென்டாய் மட்டும் தனி ரகம், அதைப் பென்டிரைவில் ஒருமுறை நிறுவிவிட்டால் அப்புறம் ஐஎஸ்ஓ கோப்புகளை நகலெடுத்துப் போட்டாலே போதும். எடுப்பதும் எழுதுவதும் எதிரெதிர்த் திசை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டுக்கும் 'படம் உருவாக்கு' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், அந்த மென்பொருளை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இது நடக்காது. எழுதும்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துபோகும், தவறான வட்டைத் தேர்ந்தெடுத்தால் வீட்டுப் போட்டோ எல்லாம் போய்விடும், அதனால்தான் இவ்வளவு கோபம்.

"வட்டுப்படியை ரூஃபஸ் மூலம் பென்டிரைவில் எழுதவும்." இதை அவனுக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் உபுண்டு திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினான்.