வலப்பக்கம் போய் நின்றால் தெரியும் மண்டையோடு

லண்டன் நேஷனல் கேலரியில் ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியம் இருக்கிறது. உயரம், அகலம் இரண்டுமே 2 மீட்டருக்குச் சற்று அதிகம். இடப்புறம் இங்கிலாந்துக்கு வந்த பிரெஞ்சுத் தூதர் ழான் தெ டின்டெவில், வலப்புறம் அவருடைய நண்பரும் ஆயருமான ஜார்ஜ் தெ செல்வ். நடுவிலுள்ள தட்டுகளில் விண்கோளம், பூமி உருண்டை, சூரியக் கடிகாரங்கள், கணக்குப் புத்தகம், நரம்பு ஒன்று அறுந்த லூட் வாத்தியம். படித்த மனிதனுக்கு அன்று பெருமை தரக்கூடிய எல்லாமே அங்கே உண்டு.

கீழே, தரையில் மட்டும் எதையோ இழுத்துப் பூசியதுபோல் சாம்பல் நிறத்தில் சாய்வாக ஒரு நீள உருவம். நேராக நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது என்னவென்று எளிதில் பிடிபடாது. படத்தின் வலது ஓரத்துக்குப் போய், சுவரை ஒட்டி நின்று பார்த்தால் அது ஒழுங்கான மண்டையோடாக மாறிவிடும்.

இது எப்படி நடக்கிறது? ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-இல் வெளியிட்ட அளவியல் நூலில் ஒரு படம் இருக்கிறது. சுவரில் ஒரு ஆணி. அதிலிருந்து வரும் நூலின் மறுமுனையை மேசையிலுள்ள ஒரு லூட்டின் மேல் வைக்கிறார்கள். நடுவே ஒரு மரச்சட்டம். நூல் சட்டத்தைக் கடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டே போனால், அந்தப் புள்ளிகள் சேர்ந்து லூட்டின் சித்திரமாகும். ஆணிதான் கண், நூல்தான் ஒளி வரும் பாதை.

சரி, அந்தச் சட்டத்தை நூலுக்குக் குறுக்கே நிமிர்த்தி வைக்காமல், ஏறக்குறைய நூலின் போக்கிலேயே படுக்கவைத்தால்? புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகி விழும். நேரே நின்று பார்ப்பவருக்கு அது வெறும் கோடுதான். ஆணி இருந்த இடத்தில் கண்ணை வைப்பவருக்கு மட்டும் பழைய உருவம் அப்படியே கூடிவரும். ஹோல்பைனின் மண்டையோட்டுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஒரு பரப்பை 10 டிகிரிச் சாய்வில் பார்த்தால், பார்வைத் திசையில் அதன் நீளம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதை ஈடுகட்ட ஏறத்தாழ ஆறு மடங்கு இழுத்து வரைய வேண்டும். கண்ணுக்குத் தள்ளியிருக்கும் முனை இன்னும் சிறிதாகத் தெரியும் என்பதால் அங்கே இழுப்பும் கூட வேண்டும். நெடுஞ்சாலையில் எழுத்துகளை நீட்டி எழுதுவதும், கிரிக்கெட் மைதானப் புல்லில் வரைந்த விளம்பரம் டிவியில் எழுந்து நிற்பதுபோல் தெரிவதும் இதே முறைதான்.

நம் மூளைக்கும் இதில் பங்குண்டு. திரையரங்கில் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தாலும் சிறிது நேரத்தில் முகங்கள் ஒடுங்கித் தெரிவதில்லை. திரையின் சாய்வை மூளை கழித்துக்கொள்கிறது. மிகவும் சாய்ந்த கோணத்தில் அந்தக் கழித்தல் பலிப்பதில்லை. அதனால் மண்டையோடு கூடிவரும் அதே நொடியில் இரு தூதர்களும் கோளங்களும் புத்தகங்களும் நசுங்கிப்போகின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று சரியாகப் பார்க்கவே முடியாது. இந்த ஓவியத்தில் என்னை ஆட்டிவைப்பது இதுதான்.

சாவைப் பற்றிய அன்றைய சிந்தனைக்கு ஹோல்பைன் தள்ளி நின்றவர் அல்லர். பழைய கிரேக்க, லத்தீன் நூல்களில் ஊறிய அன்றைய ‘மனிதநேய’ அறிஞர்களில் பெரியவரான எராஸ்மஸை 1523-இலேயே வரைந்தவர். 1526-இல் எராஸ்மஸின் பரிந்துரையோடுதான் லண்டனுக்குப் போனார். இந்த ஓவியத்துக்கு மறு ஆண்டு, 1534-இல், மரணத்துக்கு ஆயத்தமாவது பற்றி எராஸ்மஸின் நூல் வெளிவந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டின் ‘நல்ல சாவு’ கையேடுகளில் எல்லாமே கடைசிப் படுக்கையைச் சுற்றித்தான் நடக்கும்: ஒரு பக்கம் பேய்கள், மறு பக்கம் தேவதூதர்கள், நடுவே உயிர் போகிறவர். எராஸ்மஸோ அந்த ஆயத்தத்தை வாழ்நாள் முழுவதற்கும் உரியதாக்கினார். நலமாக இருக்கும்போதே, வேலையின் நடுவிலேயே சாவை நினைக்கப் பழக வேண்டும் என்றார். ‘சாவை நினை’ என்பதுதான் டின்டெவிலின் சொந்த வாசகமும். அவருடைய தொப்பியில்கூட ஒரு குட்டி மண்டையோட்டுப் பதக்கம் இருக்கிறது.

மரணத்தைப் பற்றி எத்தனையோ உபதேசங்கள் உண்டு. ஆனால் பார்ப்பவரின் கால்களையே நகரவைத்து, அறிவையும் புகழையும் பார்க்கும் இடம் ஒன்று, சாவைப் பார்க்கும் இடம் வேறு என்று காட்டியதில் ஹோல்பைனுக்கு இணையாக எனக்கு யாரும் தெரியவில்லை.

இருவரின் வயதும் படத்திலேயே எழுதியிருக்கிறது: டின்டெவிலின் குத்துவாள் உறையில் 29, செல்வின் முழங்கைக்குக் கீழுள்ள புத்தகத்தில் 25. செல்வ் 1541-இல் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஹோல்பைன் லண்டனில் இறந்தார். டின்டெவில் 1555 வரை இருந்தார். அவருடைய ஊரான பொலிசியின் மாளிகைக்குப் போன அந்தப் படத்தில், உறையின் மேல் அப்போதும் 29 என்றுதான் இருந்தது.